சுவரில் மாட்டும் படம்

சுலபமான காரியம் என்று பெயர் எடுத்துவிட்ட காரியங்களிடம் மனிதன் சற்று ஜாக்கிரதையாகவே இருக்க வேண்டும். ரசம் வைப்பது சுலபம் என்பார்கள்; ஆனால் வாய்க்கு ருசியான ரசம் எத்தனை வீடுகளில் கிடைக்கிறது? கடிதம் எழுதுவது சுலபம் என்பார்கள். ஆனால் இரண்டாம் முறை எடுத்துப் படிக்கத் தோன்றும் கடிதம் ஆயுளில் நாலைந்து வந்தால் அதிகம். இந்த வரிசையில் இப்போது வந்து சேர்ந்திருப்பது போட்டோ பிடிக்கும் வித்தை.

ஆதியில் இந்த வித்தைக்குச் சுலபம் என்ற பெயர் கிடையாது. பிரான்ஸ் தேசத்தில் நீப்ஸ் என்பவர் 1820-களில் தம் வீட்டு ஜன்னல் வழியே தெரிந்த கூரைகளைப் படமாகப் பதித்தபோது, ஒரே ஒரு படத்துக்காகப் பெட்டியைப் பல மணி நேரம் திறந்து வைத்திருக்க நேர்ந்தது. 1839-ல் டாகேர் என்பவரின் முறை வெளியான பிறகும், படத்துக்கு உட்கார்ந்தவர்கள் அசையாமல் இருப்பதற்காகத் தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்தார்கள். அந்தக் காலத்துப் படங்களில் எல்லோரும் கடன்காரனைக் கண்டவர்கள் போல் விறைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்; அவர்களுடைய சுபாவத்தின்மேல் பழி போடக் கூடாது. 1888-ல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் என்பவர் 100 படங்களுக்குச் சுருள் அடைத்த கோடக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பொத்தானை அழுத்துவது மட்டுமே உங்கள் வேலை, மற்றவை எங்கள் பொறுப்பு என்பது அவருடைய விளம்பரத்தின் சாரம். 1900-ல் ஒரு டாலர் விலையில் பிரௌனி என்னும் பெட்டிக் காமிராவும் வந்து சேர்ந்தது. பொத்தானை அழுத்தத் தெரிந்தவன் படம் எடுக்கத் தெரிந்தவன் என்ற அபிப்பிராயம் அன்று பிறந்தது. இன்றைய கைபேசி அதை வேதவாக்காகவே ஆக்கிவிட்டது.

நம் ஊர்க் கல்யாணங்களைப் பாருங்கள். கெட்டிமேளம் முழங்குவதற்குள் நூறு கைகள் உயர்கின்றன. அட்சதை போடவேண்டிய கைகள் எல்லாம் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மறுநாள் அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தால், பாதிப் படங்களில் முன்வரிசைக்காரருடைய கைபேசி மிகத் தெளிவாக விழுந்திருக்கும். மணமக்கள் அதற்குப் பின்னால் எங்கேயோ இருப்பார்கள்.

இதில் வேடிக்கை இல்லாத பகுதியும் ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தில் அத்தை ஒருவர் இருந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்து, தம்பியின் வீட்டோடு வந்து, எங்கள் ஐந்து பேரையும் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவர். 81-வது வயதில் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டுமே என்று தேடத் தொடங்கினோம். வீட்டில் ஏழு கைபேசிகள். அவற்றில் ஆயிரக்கணக்கான படங்கள். குழந்தையின் பிறந்த நாள் படத்தில் கேக்குக்குப் பின்னால் அத்தையின் தோள் இருந்தது. கோயில் வாசல் படத்தில் அவருடைய புடவைத் தலைப்பு இருந்தது. பந்திப் படத்தில், பரிமாறுவதற்காகக் குனிந்த தலை இருந்தது. முகம் மட்டும் ஒன்றிலும் இல்லை. கடைசியில், வாக்காளர் அடையாள அட்டையில் தபால்தலை அளவில் இருந்த படத்தை ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னோம். கடைக்காரர் தம் கைவரிசையைக் காட்டினார். அத்தைக்குப் பட்டுப் புடவை உடுத்தி, முகத்தைச் சிவப்பாக்கி, சுருக்கங்களையெல்லாம் துடைத்துக் கொடுத்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒரு பணக்கார அம்மாள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருடா?" என்று கேட்டார் என் தாயார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் உயர்நிலைப் பள்ளியில் பௌதிக ஆசிரியன். பல்கலைக்கழகத்தில் ஒளியைப் பற்றிப் படித்தவன். லென்ஸின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன். ஆனால் சூத்திரம் அறிவது ஒன்று, முகத்தில் விழும் வெளிச்சத்தைக் காண அறிவது மற்றொன்று. சர்க்கரையின் ரசாயனம் தெரிந்தவரெல்லாம் மைசூர்ப்பாகு கிண்டிவிட முடியுமா? ஆகவே 41-வது வயதில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தேன். இந்த நான்கு வருஷங்களில் பழகியவற்றுள், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படக்கூடியதை மட்டும் இங்கே சொல்லுகிறேன்.

முதல் பாடம்: எதையும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் கைபேசியே போதும். அதன் லென்ஸைப் பழைய வேஷ்டித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். படங்களில் பனி மூட்டம் போல் தெரிவதில் பெரும்பகுதி மார்கழிப் பனி அல்ல. நம் விரலிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு. அடுத்தபடியாக, பிளாஷ் விளக்கை அணைத்துவிடுங்கள். அந்தச் சிறு விளக்கின் சக்தி சில அடி தூரத்துக்கு மேல் செல்லாது. அருகிலிருக்கும் முகத்தையோ சுண்ணாம்பு பூசியது போல் ஆக்கிவிடும். விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டு எடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெரிதாகத் தெரிய வேண்டுமானால் இரண்டடி முன்னால் நடந்து செல்லுவதே உத்தமம்.

இரண்டாவது பாடம் வெளிச்சம். உண்மையில் இது ஒன்றே பாடம். மற்றவையெல்லாம் இதன் கிளைகள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டு ஊசித்துளைக் காமிரா செய்து காட்டுவதுண்டு. பெட்டியின் ஒரு பக்கத்தில் ஊசியால் ஒரு துளை. எதிர்ப் பக்கத்தில் எண்ணெய் தடவிய காகிதம். தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தால், வெளியே நிற்கும் வேப்பமரம் காகிதத்தில் தலைகீழாக நிற்கும். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், மரம் கலங்கிவிடும். ஒரு சமயம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி, "சார், மரம் உள்ளே வரவில்லை, மரத்தின் மேல் பட்ட வெயில்தான் வருகிறது" என்றாள். போட்டோக் கலையைப் பற்றி அதைவிடச் சிறந்த வாக்கியத்தை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

இதைக் கண்ணுக்குப் பழக்க ஓர் அப்பியாசம் சொல்லுகிறேன். ஒரு பித்தளைச் சொம்பை முற்றத்திலோ, மாடிப்படியிலோ, ஜன்னல் ஓரத்திலோ வையுங்கள். விடுமுறை நாள் ஒன்றில் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையில், சொம்பையும் நகர்த்தாமல், நிற்கும் இடத்தையும் மாற்றாமல், மணிக்கு ஒரு படம் எடுங்கள். மொத்தம் 13 படங்கள் ஆகும். அவற்றை வரிசையாகப் பாருங்கள். காலையில் பக்கவாட்டில் விழும் மஞ்சள் வெயிலில் சொம்பின் உருட்சி தெரியும். உச்சி வேளையில் அதே சொம்பு தட்டையாகிவிடும். மாலையில் மறுபடி உயிர் பெறும். சொம்புக்கு நேர்வது முகத்துக்கும் நேரும். நடுப்பகல் வெயிலில் நிற்கும் மனிதருக்குக் கண்கள் இருக்கும் இடத்தில் இரண்டு கரிய பள்ளங்கள்தான் இருக்கும். அவரையே திண்ணை நிழலுக்கு அழைத்து வந்து, தெருவைப் பார்த்து உட்காரவைத்தால், கண்ணில் ஒளி வந்துவிடும். நம் முன்னோர்கள் திண்ணையும் முற்றமும் வைத்து வீடு கட்டியபோது போட்டோவை நினைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் அவற்றுக்கு ஈடான ஸ்டூடியோவைப் பணம் கொடுத்தும் கட்ட முடியாது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் வருந்த வேண்டாம். ஒரு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, மறுபக்கத்தில் ஒரு வெள்ளை வேஷ்டியைத் தொங்கவிட்டால், நிழல் விழும் கன்னத்திலும் வெளிச்சம் எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது பாடம், காமிராவை அப்படியே நம்பக் கூடாது என்பது. காமிராவின் அளவுகோல், எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும்படி அமைந்தது. வெள்ளைச் சுவர் முன்னால் மாநிறமான ஒருவரை நிறுத்தினால், காமிரா சுவரைப் பார்த்து, "அடேயப்பா, என்ன வெளிச்சம்!" என்று மிரண்டு, எல்லாவற்றையும் மங்கவைக்கும். சுவர் சாம்பலாகும், முகம் இருட்டாகும். அப்போது திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துத் தொடுங்கள். அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே தள்ளினால் குறையும். இந்த ஒரு விரல் வேலையை அறிந்தவர், அறியாதவரைவிடப் பத்து மடங்கு முன்னால் நிற்கிறார்.

இங்கே ஒரு மான விஷயமும் இருக்கிறது. கலர்ப் படச் சுருள்கள் பரவிய காலத்தில், 1950-கள் தொடங்கி வெகு காலம் வரையில், அச்சிடும் நிலையங்களில் நிறங்களைச் சரிபார்ப்பதற்கு 'ஷெர்லி அட்டை' என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகத்துக்குச் சரியாயிருந்தால் உலகத்துக்கே சரி என்பது ஏற்பாடு. கறுத்த மேனி உடையவர்கள் அந்தப் படங்களில் கண்ணும் பல்லும் மட்டுமாக விழுந்தார்கள். பிற்பாடு இந்த நிலை மாறியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, சாக்லேட் வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்டதுதான்! இன்றைய கைபேசிகளில் அந்தக் குறை எவ்வளவோ நீங்கியிருக்கிறது. ஆனால் 'அழகுபடுத்தும்' ஏற்பாடு என்று ஒன்றைப் பல கைபேசிகளில் சேர்த்திருக்கிறார்கள். அது முகத்தை வெளுக்கிறது, சுருக்கங்களை அழிக்கிறது. தயவு செய்து அதை மூடிவையுங்கள். வெயிலில் நின்று கறுத்த தகப்பனாரின் முகமும், அடுப்படியில் நின்று சுருங்கிய தாயாரின் முகமும் திருத்த வேண்டிய பிழைகள் அல்ல.

நான்காவது பாடம் கணக்கைச் சேர்ந்தது; பயப்பட வேண்டாம். குழாயடியில் குடம் நிரம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம், குடம் பெரியதா சிறியதா என்ற மூன்றும் சேர்ந்ததுதான் கணக்கு. காமிராவிலும் அப்படியே: லென்ஸின் திறப்பு, திறந்திருக்கும் நேரம், படம் பதியும் தளத்தின் கூருணர்ச்சி. கூருணர்ச்சி அதிகமென்றால் சிறிய குடம். கொஞ்சம் வெளிச்சத்திலேயே நிரம்பிவிடும், ஆனால் படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் தோன்றும். பழைய காமிராக்காரர்கள் அளவுகோல் இல்லாமலே ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். நல்ல வெயிலில் திறப்பு எஃப் 16, நேரம் சுருளின் வேகத்தால் ஒன்றை வகுத்தது. அதாவது 100 வேகச் சுருளுக்கு ஏறக்குறைய 1/100 வினாடி. ஓடுகிற பிள்ளையைக் கலங்காமல் பிடிக்க 1/500 வினாடியாவது வேண்டும். பெரும்பாலான கைபேசிகளில் திறப்பு மாறாது. ஆகையால் இருட்டிய இடத்தில் அது நேரத்தை நீட்டிக்கொண்டே போகும். அப்போது கை ஆடினால் படம் ஆடும். தூணிலோ கதவு நிலையிலோ சாய்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். தூண் இருக்கும்போது முக்காலி எதற்கு?

ஐந்தாவது பாடம் நிற்கும் இடம். கைபேசியின் சாதாரண லென்ஸ் அகன்ற பார்வை உடையது. முகத்துக்கு ஓரடி தூரத்தில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்வாங்கிவிடும். ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். கைபேசியில் தூரத்து லென்ஸ் தனியாக இருந்தால் அதை உபயோகியுங்கள். குழந்தையை எடுக்கும்போது மண்டியிட்டு அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். மேலேயிருந்து எடுத்தால் குழந்தையின் உச்சி வகிடுதான் கிடைக்கும். அழுத்துவதற்கு முன்னால் படத்தின் நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். தாத்தாவின் தலையில் மின்கம்பம் முளைத்திருக்கிறதா, பாட்டியின் தோளுக்குப் பின்னால் கொடியில் ஈரத் துண்டு தொங்குகிறதா, காலண்டர் எட்டிப் பார்க்கிறதா என்று கவனித்தால், ஓரடி நகர்ந்தே எல்லாவற்றையும் விலக்கிவிடலாம்.

இவை கைக்குப் பழகிய பிறகு மிஞ்சுவது பொறுமை. 1858-ல் சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராயிருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரையிலும் தஞ்சையிலும் பெரிய காகித நெகடிவ்களில் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை, 20-க்கு மேற்பட்ட படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே நீண்ட படமாக்கினார். நாமோ ஒரு நிமிஷத்தில் 40 படங்கள் எடுத்து, நாற்பதையும் பார்க்காமலே விட்டுவிடுகிறோம். பழைய சுருளில் 36 படங்களே அடங்கும். அந்த எண்ணையே விரதமாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 36 படங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அவற்றில் ஒன்றைப் பொறுக்கி, அது ஏன் நன்றாயிருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுங்கள். வருஷ முடிவில் 52 படங்கள் மிஞ்சும். அவைதான் உங்கள் குரு.

நம்மவர்களுக்கு இந்த வித்தையில் சிரத்தை புதிதல்ல. ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் சென்று படப்பிடிப்பைக் கற்றார். பல தேசங்களில் அலைந்து காந்தியடிகளைப் பற்றிய படத் துண்டுகளைச் சேகரித்து, 1940-ல் அவற்றை ஒரு முழுப் படமாக வெளியிட்டார். அதே காந்தியடிகளை 1946-ல் ராட்டையோடு படமெடுக்க வந்த அமெரிக்க மாது மார்கரெட் போர்க்-ஒயிட்டிடம், முதலில் நூற்கக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் உட்கார்ந்து கற்றார். அதன் பிறகு மூன்று பிளாஷ் பல்புகளுக்கு மாத்திரம் அனுமதி கிடைத்தது. முதல் இரண்டும் வீணாயின. மூன்றாவதில் உலகம் அறிந்த அந்தப் படம் விழுந்தது. எதைப் படமெடுக்கிறோமோ அதைப் பற்றி முதலில் அறிந்துகொள் என்பதே அந்த ஆசிரமத்துப் பாடம் என்று நான் எண்ணுகிறேன்.

அந்தப் பாடத்தை என் தாயாரிடம் பயன்படுத்திப் பார்த்தேன். "படத்துக்கு உட்காருங்கள் அம்மா" என்றால், தாலூகா ஆபீஸில் மனுக் கொடுக்க நிற்பவரைப் போல் முகத்தை வைத்துக்கொள்வார். ஆனால் தினமும் காலை 7 மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை தொடுப்பார். அப்போது அவருக்கு உலகமே மறந்துவிடும். ஒரு வாரம் காமிரா இல்லாமல் அவர் அருகில் போய் உட்கார்ந்து நானும் தொடுக்கப் பழகினேன். எந்த விநாடியில் நாரை இழுப்பார், எப்போது நிமிர்ந்து தெருவைப் பார்ப்பார் என்பதெல்லாம் அதனால் தெரிந்தது. எட்டாம் நாள் கைபேசியோடு உட்கார்ந்தேன்.

"இந்தக் கிழவியைப் போட்டோப் புடிச்சு என்னடா பண்ணப் போறே?" என்றார். இரண்டு நிமிஷத்தில் என்னை மறந்துவிட்டார். தெருவில் பூக்காரி ஏதோ சொல்ல, விரலில் நார் சுற்றியபடியே நிமிர்ந்து சிரித்தார். அப்போது ஒரே ஒரு முறை அழுத்தினேன்.

அந்தப் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "அப்படியே எங்கம்மா மாதிரி இருக்கேன்டா" என்றார். சற்றுப் பொறுத்து, "எங்கம்மாவுக்குத்தான் ஒரு போட்டோகூடக் கிடையாது. இனிமே இதையே பார்த்துக்கிறேன்" என்று சொல்லி, படத்தைத் தம் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டார். எனக்கு வேறு பிரதி போட வேண்டியதாயிற்று.

கடைசியாக, நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கைபேசி கீழே விழும், தொலையும், மூன்று வருஷத்தில் பழசாகும். ஆகையால் நல்ல படம் என்று தோன்றியதைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். இன்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த முகம், ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கும் பேத்திக்குத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எப்போதும் படத்துக்கு வெளியே நிற்கிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். சமைத்துக்கொண்டோ, பரிமாறிக்கொண்டோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டோ ஓரத்தில் ஒருவர் இருப்பார். ஜன்னலைத் திறந்துவைத்து, அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.